காந்தம் வரவில்லை, எல்.டி. (தாமத இழப்பீடு) நோட்டீஸ் வந்துவிட்டது: என்ன செய்யலாம்?

பீன்யா மோட்டார்

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறோம். கண்ட்ரோல் பேனலுக்குள் சூடு இறக்கும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) மின்விசிறி செய்வது எங்கள் வேலை. மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் டெண்டரில் 2025 பிப்ரவரியில் விலை போட்டோம். எல்1, அதாவது குறைந்த விலை எங்களுடையது, மார்ச்சில் பி.ஓ. (கொள்முதல் ஆணை) வந்தது. இடையில் மாறாத உறுதி விலை, இரண்டு லாட்டாக (தவணையாக) சப்ளை. முதல் லாட்டைக் கையிருப்புக் காந்தத்தை வைத்தே நேரத்துக்கு முடித்துக் கொடுத்துவிட்டோம்.

ஏப்ரல் 4 அன்று சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்தது. எங்கள் ரோட்டரில் (மோட்டாரின் சுழலும் பாகம்) ஒட்டுவது நகம் அளவே உள்ள வளைந்த நியோடிமியம் துண்டுதான். அது இல்லையென்றால் வைண்டிங், பி.சி.பி., ஹவுசிங் எல்லாம் தயாராக இருந்தும் ராக்கில் தூங்க வேண்டியதுதான். சீனாவின் நிங்போவில் இருக்கும் எங்கள் காந்த சப்ளையர் ஏப்ரல் கடைசியில் மெயில் போட்டார்: உரிமம் வந்தால்தான் அனுப்ப முடியும், சரக்கு யாருக்கு, எதற்கு என்று இறுதிப் பயனர் உறுதிமொழியும் வேண்டும். அந்த மெயிலை இணைத்து மே முதல் வாரமே வாங்குபவரிடம் டெலிவரி நீட்டிப்பு கேட்டோம். பதிலே இல்லை.

இரண்டாம் லாட்டில் பாதியை ஆகஸ்டில் தாமதமாகக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. வாரத்துக்கு 0.5 சதவீதம், மொத்த ஆர்டர் மதிப்பில் 10 சதவீதம் வரை எல்.டி., அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மீதிச் சரக்கை எங்கள் செலவில் வெளியே வாங்குவோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஃபோர்ஸ் மஜூர், அதாவது எங்கள் கைமீறிய தடை என்று சொல்லி நிற்க முடியுமா? இதே பொருளுக்கு இன்னொரு டெண்டர் வருகிறது, அதைப் போடலாமா என்பதும் கேள்வி.

ஓசூர் லேத்

அண்ணே, உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. நாங்கள் அலுமினியத்தில் இதே அடி வாங்கியவர்கள். ஆனால் ஃபோர்ஸ் மஜூரை நம்பி உட்கார வேண்டாம். எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? இந்தோனேசியா சட்டம் மாற்றி நிலக்கரி விலை எகிறியது, மின் நிலையக்காரர்கள் முடியாது என்றார்கள். விலை ஏறிவிட்டது என்பதற்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று நீதிமன்றம் முடித்துவிட்டது. அத்தனை பெரிய கம்பெனிகளுக்கே அந்தக் கதி என்றால் நமக்கு?

அல்சூர் வக்கீல்

ஓசூர் தம்பி சொன்ன வழக்கு சரி, ஆனால் இங்கே அப்படியே பொருந்தாது. அங்கே நிலக்கரி கிடைத்தது, விலைதான் கூடியது. இவருக்குச் சரக்கே புறப்படவில்லை, அதுவும் ஒரு அரசாங்கத்தின் உத்தரவால். இரண்டும் வேறு வேறு. எதிர்த் தரப்பு எப்படி வாதாடும் என்றும் யோசித்து வையுங்கள். சீனாவிலிருந்துதான் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லையே, ஜப்பானில் வாங்கியிருக்கலாமே என்பார்கள். அதற்குப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும்: வேறு எங்கெல்லாம் விலை கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, எந்தத் தேதியில் வந்தது.

முதலில் பி.ஓ.வில் ஃபோர்ஸ் மஜூர் வாசகத்தை வரிக்கு வரி படியுங்கள். மத்திய நிதி அமைச்சகத்தின் பொருள் கொள்முதல் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது: சம்பவம் நடந்தவுடனே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், பிற்பாடு கோர முடியாது. உங்கள் மே மாத மெயில் இங்கேதான் உயிர்நாடி. அதில் "ஃபோர்ஸ் மஜூர்" என்ற சொல் இருக்கிறதா, வெறுமனே நீட்டிப்பு மட்டும் கேட்டீர்களா?

இன்னொன்று, விலை போட்டது பிப்ரவரி, தடை ஏப்ரல். இந்த வரிசை உங்களுக்குச் சாதகம். தடை வந்த பிறகு விலை போட்டிருந்தால், தெரிந்தேதானே போட்டீர்கள் என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். அடுத்த டெண்டரில் உங்கள் நிலை அதுதான்.

பீன்யா மோட்டார்

மேடம், எடுத்துப் பார்த்தேன். மெயிலில் அந்தச் சொல் இருக்கிறது. ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு என்றும் எங்கள் அக்கவுண்டன்ட் குறிப்பிட்டிருக்கிறார். வாசகத்தில் போர், வெள்ளம், தீ, தொற்றுநோய், "அரசு நடவடிக்கைகள்" என்று இருக்கிறது. எந்த அரசு என்று சொல்லவில்லை.

அல்சூர் வக்கீல்

நல்லது. எந்த அரசு என்று சுருக்காததால் வெளிநாட்டு அரசையும் சேர்த்து வாதிடலாம். ஜெயம் நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாதம் நிற்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் ஃபோர்ஸ் மஜூர் தோற்றாலும் மிச்சப்படும் பணம் இதில் இருக்கிறது. தாமதமான சரக்கின் விலைக்குத்தான் எல்.டி. போட வேண்டும், கையேட்டின் மாதிரி வாசகமும் அப்படித்தான். நேரத்துக்குக் கொடுத்த முதல் லாட்டையும் சேர்த்துப் போட்டிருந்தால் உங்கள் பி.ஓ. வாசகத்தைக் காட்டித் திருத்தக் கேளுங்கள். ஜி.எஸ்.டி.க்கு 2022 ஆகஸ்ட் 3 அன்று மறைமுக வரி வாரியம் 178-ஆம் எண் சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒப்பந்த மீறலுக்கான எல்.டி. எந்தச் சேவைக்கான விலையும் அல்ல, அதற்கு வரி இல்லை. பழைய டெம்ப்ளேட்டில் அந்த 18 சதவீதம் அப்படியே கிடக்கிறது, நிறையப் பேர் கேள்வி கேட்காமல் கட்டுகிறார்கள். மனசு கொதிக்கிறது.

அப்புறம் ஒப்பந்தச் சட்டம் 55-ஆம் பிரிவு. நேரம் முக்கியம் என்று எழுதிய ஒப்பந்தத்தில் தாமதமாக வந்த சரக்கை வாங்கிக்கொண்டால், வாங்கும் நேரத்திலேயே "இழப்பீடு கேட்போம்" என்று அறிவித்திருக்க வேண்டும். ஆகஸ்டில் சரக்கை வாங்கியபோது சலானிலோ, ரசீதிலோ, கடிதத்திலோ அப்படி எதுவும் எழுதினார்களா?

பீன்யா மோட்டார்

டெலிவரி சலானில் ஸ்டோர்ஸ் முத்திரையும் "ஆய்வுக்கு உட்பட்டு ஏற்கப்பட்டது" என்ற வரியும் மட்டும்தான். வேறு கடிதம் எதுவும் அப்போது வரவில்லை.

அல்சூர் வக்கீல்

அந்தச் சலானைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் பி.ஓ.வின் பொது நிபந்தனைகளில் "சரக்கை ஏற்றாலும் எல்.டி. உரிமை போகாது" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 55-இன் பலம் குறையும். 74-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. கைலாஷ் நாத் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும், இழப்பை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபிக்க வேண்டும் என்றது. உங்கள் விசிறி தாமதமானதால் அவர்களுக்கு உண்மையில் என்ன இழப்பு என்று பதில் கடிதத்தில் மரியாதையாகக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ்

நான் ஒரு அரசு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த மேசையின் பக்கத்தையும் சொல்கிறேன். மெயிலுக்குப் பதில் வராததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஏன் வராது என்று தெரிந்தால்தான் அடுத்த கடிதத்தைச் சரியாக எழுத முடியும்.

எல்.டி. இல்லாமல் நீட்டிப்புக் கொடுத்தால் தணிக்கையில் முதல் கேள்வி அதுதான்: சப்ளையருக்கு ஏன் சலுகை? நிறுவனத்துக்கு வர வேண்டிய பணத்தை ஏன் விட்டாய்? அதனால் கீழே இருப்பவர் எல்.டி. உரிமையை நிறுத்திவைத்தே நீட்டிப்பார். கூடவே டினையல் கிளாஸ் என்று ஒன்று போடுவார். நீட்டித்த காலத்தில் வரியோ விலையோ ஏறினால் உங்களுக்குக் கிடைக்காது, இறங்கினால் அவர்களுக்குக் கிடைக்கும். அவர் கெட்டவர் என்பதால் இல்லை. கோப்பில் வேறு முடிவு எடுக்க ஆதாரமான தாள் இல்லை என்பதால்.

அந்தத் தாளை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். சப்ளையர் மெயில் மட்டும் போதாது. சீன வணிக அமைச்சகத்தின் ஏப்ரல் 4 அறிவிப்பு, உரிமத்துக்கு விண்ணப்பித்த தேதி, வேறு நாட்டு சப்ளையரிடம் கேட்ட விலையும் அவர்கள் சொன்ன தேதியும், எல்லாம் ஒரே கடிதத்தில் இணைப்பாக வர வேண்டும். கொரோனா காலத்தில் 2020 பிப்ரவரி 19 அன்று நிதி அமைச்சகமே குறிப்பாணை போட்டு, சப்ளைச் சங்கிலி தடைபட்டால் ஃபோர்ஸ் மஜூர் பிரிவைப் பயன்படுத்தலாம் என்றது. அந்த ஒரு தாளால் நாடு முழுக்க அதிகாரிகளின் பேனா நகர்ந்தது. பிறகு 2023-இல் விவாத் சே விஷ்வாஸ் திட்டத்தில் சிறு தொழில்களிடம் அந்தக் காலத்தில் பிடித்த எல்.டி.யில் 95 சதவீதம் திருப்பியும் கொடுத்தார்கள். காந்தத் தடைக்கு அப்படி ஒரு தாளை உங்கள் வாங்குபவர் கையில் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் கடிதமே அந்தத் தாளாக இருக்க வேண்டும்.

ஓசூர் லேத்

ஐயா, இதெல்லாம் சட்டத்தில் எழுதி வைத்திருக்கக் கூடாதா? ஒவ்வொரு தடவையும் ஒரு குறிப்பாணைக்காகக் காத்திருப்பதா?

ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ்

தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, கர்நாடகத்தில் 1999-இல். மத்திய அரசுக்கு மட்டும் இன்று வரை கொள்முதலுக்கென்று பொதுச் சட்டம் இல்லை. 2012-இல் மக்களவையில் மசோதா கொண்டு வந்தார்கள், அது காலாவதியாகிவிட்டது. இப்போது ஓடுவது 2017 பொது நிதி விதிகளும் கையேடுகளும் அவ்வப்போது வரும் உத்தரவுகளும்தான். அதனால் உங்கள் உரிமை பெரும்பாலும் உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். கையெழுத்துப் போடும் முன்பு எழுத வைத்தால்தான் உண்டு.

பொம்மசந்திரா சோர்சிங்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நான் தனியார் கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறேன். சப்ளை ரிஸ்க்கைப் பற்றி எல்லோரும் சரக்கு நின்ற பிறகுதான் பேசுகிறோம். முடிவு ஆகிற இடம் ப்ரீ-பிட் மீட்டிங், அதாவது விலை போடும் முன் வாங்குபவர் ஏலதாரர்களோடு நடத்தும் கூட்டம். அங்கே வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு, பிறகு ஃபோர்ஸ் மஜூர் கடிதம் எழுதினால் பாதி வழக்கு அப்போதே தோற்றுவிட்டது.

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். 2021 மார்ச்சில் ஜப்பானில் ரெனேசாஸின் நாகா தொழிற்சாலையில் தீப்பிடித்தது. எங்களுக்கு ஒரே கண்ட்ரோலர் போர்டுக்கு மூன்று வெண்டர்கள், ஆகவே கவலை இல்லை என்று ஃபைலில் எழுதியிருந்தது. தோண்டிப் பார்த்தால் மூன்று பேரும் ஒரே மைக்ரோகண்ட்ரோலரைத்தான் போடுகிறார்கள், அதை ஒரே விநியோகஸ்தரிடம்தான் வாங்குகிறார்கள். பேப்பரில் மூன்று வழி, தரையில் ஒரே வழி. அதற்குப் பிறகு வெண்டரிடம் "உங்கள் வெண்டர் யார், அவருடைய தொழிற்சாலை எந்த ஊரில்" என்று கேட்காமல் எந்தப் பாகத்தையும் இரட்டை சோர்ஸ் என்று குறிப்பதில்லை.

பீன்யா அண்ணனுக்கு ஒரு கேள்வி. நீங்கள் போடும் காந்தம் என்ன கிரேடு?

பீன்யா மோட்டார்

எஸ்.எச். கிரேடு, 150 டிகிரி சூடு வரை தாங்கும். டிராயிங்கில் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்.

பொம்மசந்திரா சோர்சிங்

விசிறி நிஜமாக எவ்வளவு சூடாகிறது? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏப்ரல் பட்டியலில் நியோடிமியம் இல்லை. சமேரியம், காடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுடீசியம், ஸ்காண்டியம், இட்ரியம், இவ்வளவுதான். சூட்டில் காந்தம் வலுவிழக்காமல் இருக்கத்தான் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்க்கிறார்கள். 80 டிகிரிக்கான சாதாரண கிரேடில் பெரும்பாலும் அவை இருக்காது, உரிமப் பிரச்சினையும் குறைவு. உங்கள் ரோட்டர் 70 டிகிரியைத் தாண்டுவதில்லை என்றால் எஸ்.எச். எதற்கு? டெஸ்ட் ரிப்போர்ட்டோடு கிரேடு மாற்றத்துக்கு அனுமதி கேளுங்கள். அரிய மண் இல்லாத ஃபெரைட் காந்தத்துக்குப் போவது அவ்வளவு சுலபம் இல்லை. அதன் காந்த ஆற்றல் நியோடிமியத்தில் பத்தில் ஒரு பங்குதான், மோட்டாரே பெருத்துவிடும், டைப் டெஸ்ட்டையும் (புது வடிவமைப்புக்கான முழுச் சோதனை) முதலிலிருந்து செய்ய வேண்டும்.

எஸ்.பி. ரோடு

கிரேடு பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. தட்டுப்பாடு வந்ததிலிருந்து எங்கள் எஸ்.பி. ரோடு கடைத் தெருவில் எஸ்.எச். என்று லேபிள் ஒட்டிய சாதா என்-35 சுற்றுகிறது. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, இரண்டும் ஒரே நிக்கல் பளபளப்பு. சாம்பிளை எடுத்து காஸ் மீட்டரில் (காந்தப் புலம் அளக்கும் கருவி) அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி அதே இடத்தில் அளந்து பாருங்கள். உண்மையான எஸ்.எச். என்றால் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். சாதா கிரேடு நன்றாக இறங்கியிருக்கும். மில் சர்ட்டிபிகேட் (தயாரித்தவரின் தரச் சான்று) இல்லாமல் அரசு ஆர்டருக்கு எதையும் ஒட்டாதீர்கள், அவசரத்துக்குக் கடை தேடுபவர்களிடம்தான் இந்தச் சரக்கைத் தள்ளுகிறார்கள்.

பீன்யா மோட்டார்

ரொம்ப நன்றி. இரண்டாம் லாட் மீதிக்கு வேறு ஒரு யோசனையும் இருக்கிறது. காந்தத்துக்குத்தானே உரிமம், மோட்டாராகச் செய்து அனுப்பினால் பிரச்சினை இல்லை என்று நிங்போக்காரர் சொல்கிறார். ரோட்டர், ஸ்டேட்டர் சேர்ந்த முழு மோட்டாரை இறக்கி, பிளேடும் ஹவுசிங்கும் இங்கே போட்டுக் கொடுத்தால் என்ன?

பொம்மசந்திரா சோர்சிங்

தயவுசெய்து அவசரப்படாதீர்கள்! நீங்கள் டெண்டரில் முதல் வகை உள்ளூர் சப்ளையர் என்று சொந்தச் சான்று கொடுத்திருப்பீர்கள், அதாவது உள்ளூர் மதிப்பு 50 சதவீதமோ மேலேயோ. காந்தம் மட்டும் இறக்குமதி என்றால் அது நிற்கும். மோட்டார் முழுதும் வெளியே போனால் எதில் 50 காட்டுவீர்கள்? 20-க்கு மேல் இருந்தால் இரண்டாம் வகை, அதுவும் போனால் உள்ளூர் சப்ளையரே இல்லை.

அல்சூர் வக்கீல்

அதோடு நிற்காது. உள்ளூர் மதிப்பில் பொய்ச் சான்று கொடுத்தது என்று ஆனால் இரண்டு வருடம் வரை டெண்டர் போடத் தடை விதிக்கலாம். 10 சதவீத எல்.டி.யைத் தப்பிக்கப் போய் தொழிலையே அடகு வைக்கும் காரியம்.

நிலப்பரப்பு எல்லை விதியையும் பாருங்கள். 2020 ஜூலையில் பொது நிதி விதி 144-இல் சேர்த்தது. இந்தியாவோடு நில எல்லை உள்ள சீனா போன்ற நாட்டு நிறுவனம் பதிவு இல்லாமல் டெண்டரில் பங்கெடுக்க முடியாது. மூலப்பொருளும் பாகங்களும் அங்கிருந்து வாங்குவதற்குத் தடை இல்லை, அதை 2021 பிப்ரவரி விளக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். முடிந்த பொருளையே அங்கிருந்து வாங்கிக் கொடுப்பதானால் அந்த விற்பனையாளருக்குப் பதிவு வேண்டும். மோட்டார் பாகமா, நீங்கள் விற்கும் பொருளே அதுதானா என்ற சண்டை வரும். எழுத்தில் அனுமதி வாங்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஓசூர் லேத்

அப்படியானால் அடுத்த டெண்டரில் ரிஸ்க்கையெல்லாம் விலையில் ஏற்றிப் போட்டுவிட வேண்டியதுதான். 15 சதவீதம் கூடுதல் இருந்தாலும் சிறு தொழிலுக்கு வாய்ப்பு உண்டே?

ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ்

தம்பி, அதைப் பாதி மட்டும் படித்திருக்கிறீர்கள். எல்1 பெரிய கம்பெனியாக இருந்து, உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் இருந்தால், எல்1 விலைக்கு இறங்கி வந்தால் 25 சதவீத அளவு கிடைக்கும். இறங்கியவுடன் ரிஸ்க்குக்காக ஏற்றியது எல்லாம் போய்விட்டதே! விலை ஏற்றத்துக்கு இடம் கொடுக்கும் ஃபார்முலாவும் 18 மாதத்துக்கு மேற்பட்ட டெலிவரிக்குத்தான். உங்கள் மாதிரிக் குறுகிய ஆர்டரில் உறுதி விலைதான். ஆகவே விலையை விட்டுவிட்டு வாசகத்தைப் பிடியுங்கள்.

ப்ரீ-பிட்டில் எழுத்தாகக் கேளுங்கள்: ஃபோர்ஸ் மஜூரில் "எந்த நாட்டு அரசின் ஏற்றுமதி உரிமம், தடை" என்று சேர்க்க முடியுமா, சமமான வேறு காந்த கிரேடுக்கு இப்போதே அனுமதி உண்டா, டெலிவரி நாள் பி.ஓ. தேதியிலிருந்தா டிராயிங் ஒப்புதலிலிருந்தா, லாட்டுகளைச் சிறிதாக்கிப் பின்னால் தள்ள முடியுமா. முடியாது என்று பதில் வந்தாலும் பரவாயில்லை, அதைப் பார்த்து விலை போடுவதா ஒதுங்குவதா என்று முடிவு செய்யலாம். முடியும் என்றால் திருத்த அறிவிப்பாக வெளியிடுவார்கள், அது எல்லா ஏலதாரருக்கும் பொது. வாய்மொழியாக "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அதற்கு மதிப்பே கிடையாது.

அல்சூர் வக்கீல்

இன்னொன்று, சிறு தொழிலுக்கான உதயம் பதிவு இருக்கிறதுதானே? ஆகஸ்டில் கொடுத்த சரக்குக்குப் பணம் வந்ததா? 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் இல்லையென்றால் ஏற்றதாகவே அர்த்தம். அதிலிருந்து ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்குள், பணம் வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. சிறு தொழில்களின் பாக்கித் தகராறைத் தீர்க்கும் வசதி மன்றத்துக்குப் போனால், தீர்ப்பை எதிர்த்து மேலே போக அவர்கள் 75 சதவீதத்தைக் கட்டியாக வேண்டும். நாளைக்கே வழக்குப் போடச் சொல்லவில்லை. பதில் கடிதத்தில் கடைசிப் பத்தியாக இது இருக்கட்டும்.

பீன்யா மோட்டார்

நண்பர்களே, நிலவரம் சொல்கிறேன். எல்லா இணைப்போடும் கடிதம் கொடுத்து, நேரிலும் போய்ப் பார்த்தோம். முதல் லாட்டை எல்.டி. கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். சுற்றறிக்கையைக் காட்டியதும் ஜி.எஸ்.டி. பிடித்தத்தை நிறுத்துவதாக அவர்களுடைய நிதிப் பிரிவு சொல்லி, மெயிலும் வந்துவிட்டது. ஃபோர்ஸ் மஜூர் கோரிக்கை சட்டப் பிரிவுக்குப் போயிருக்கிறது, முடிவு வரும் வரை ரிஸ்க் பர்ச்சேஸ், அதாவது எங்கள் செலவில் வெளியே வாங்குவது, இல்லை. ரோட்டரில் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) வைத்து ஓட்டிப் பார்த்ததில் 80-ஐ நெருங்கவே இல்லை, ரிப்போர்ட்டோடு கிரேடு மாற்றம் கேட்டிருக்கிறோம். முழு மோட்டார் யோசனையைக் கைவிட்டாச்சு. ப்ரீ-பிட் கேள்விகளை இன்று தட்டச்சு செய்கிறோம்.

ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ்

மகிழ்ச்சி. டெலிவரி நீட்டிப்பு வந்தால் பெர்ஃபார்மன்ஸ் பேங்க் கியாரண்டியின் (ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான வங்கி உத்தரவாதம்) காலாவதித் தேதியையும் அதே நாளில் பாருங்கள். முடியப்போகிறது என்று தெரிந்தால் நீட்டிக்கச் சொல்லி வங்கிக்கு நீங்களே எழுதுங்கள். நீட்டிக்காவிட்டால் தேதி முடிவதற்குள் பணமாக்கிவிடுவார்கள், அந்த மேசையில் அதற்கென்றே ஒரு பதிவேடு இருக்கும்.

பீன்யா மோட்டார்

டிசம்பர் வரை இருக்கிறது ஐயா. நாளைக்குக் காலையில் முதல் வேலையாக வங்கிக்குப் போகிறேன்.